கைமுதல் 200, உச்சப் பந்தயம் 12: இந்தக் கணக்கு தாங்குமா?

இந்த வாரக் கடிதத்தை எழுதியவர் முப்பதுகளில் இருப்பவர். திருமணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. கேசினோ சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் (21-ஐத் தாண்டாமல், கேசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலரை முந்த வேண்டிய ஆட்டம்) ஆறு மாதமாகச் சீட்டு எண்ணப் பழகிவருகிறார். எந்தக் கைக்கு எப்படி ஆட வேண்டும் என்ற அடிப்படை அட்டவணை அவருக்கு மனப்பாடம். எண்ணுவது ஹை-லோ முறையில்: 2 முதல் 6 வரையிலான சீட்டு வந்தால் ஒன்றைக் கூட்டுவது, 10, படச்சீட்டு, ஏஸ் வந்தால் ஒன்றைக் கழிப்பது, 7, 8, 9 வந்தால் விட்டுவிடுவது. ஆட நினைக்கும் 6 கட்டு மேஜையின் குறைந்தபட்சப் பந்தயத்தை 1 யூனிட் என்று வைத்துக்கொண்டால், அவர் கையில் இருப்பது 200 யூனிட். அதில் பாதி வீட்டு அவசரத்துக்கென்று ஒதுக்கிவைத்திருந்த பணம்.

அவருடைய திட்டம் இதுதான். ரன்னிங் கவுண்ட், அதாவது இப்படிக் கூட்டிக் கழித்து வரும் எண்ணிக்கை, 2 ஏறும்போதெல்லாம் பந்தயத்தில் 1 யூனிட் கூட்டுவது, உச்சம் 12 யூனிட். கவுண்ட் நன்றாக இருக்கும்போது ஒரு கை தோற்றால் அடுத்த கைக்குப் பந்தயத்தை இரட்டிப்பது. ஒரு நாளில் 10 யூனிட் வென்றதும் எழுந்துவிடுவது. மாதம் எட்டு நாள் போனால் 80 யூனிட் கிடைக்கும், கடன் தவணையை அதிலிருந்து கட்டிவிடலாம் என்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. "எண்ணுவதில் எனக்குத் தப்பே வருவதில்லை. பந்தய அளவு மட்டும் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

காப்பீட்டுத் துறையில் இடர் கணக்குப் பார்ப்பது என் தொழில். நீங்கள் கேட்டிருப்பது எங்களுக்கு மிகப் பழகிய கேள்வி. ஒரு காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தைச் சரியாகவே நிர்ணயித்திருக்கலாம். நீண்ட காலத்தில் லாபம் வரும் என்பதும் உறுதியாக இருக்கலாம். ஆனாலும் தொடக்கத்திலேயே பெரிய இழப்பீடுகள் அடுத்தடுத்து வந்து, கையிருப்பு அதைத் தாங்கவில்லை என்றால், அந்த நீண்ட காலத்தைப் பார்க்க அந்த நிறுவனம் இருக்காது. சீட்டு எண்ணுபவரின் நிலையும் அப்படியே. அதனால் "எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்" என்பதிலிருந்து பந்தயத்தை முடிவுசெய்யாதீர்கள். "என் கைமுதல் எவ்வளவு சறுக்கலைத் தாங்கும்" என்பதிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து பார்த்தால் உங்கள் திட்டம் நிற்கவில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ரன்னிங் கவுண்டை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள்

முதல் திருத்தம் இது. கவுண்ட் +6 என்று வையுங்கள். 6 கட்டில் ஒரு கட்டுதான் போயிருக்கிறது என்றால், மீதி 5 கட்டு. 6-ஐ 5-ஆல் வகுத்தால் வரும் ட்ரூ கவுண்ட், அதாவது மீதியுள்ள ஒரு கட்டுக்கான கவுண்ட், 1-ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதே +6, ஒன்றரைக் கட்டு மீதியிருக்கும்போது வந்தால் ட்ரூ கவுண்ட் 4. உங்கள் திட்டத்தில் இரண்டு இடத்திலும் பந்தயம் 4 யூனிட்தான். முதல் இடத்தில் உங்களுக்குச் சாதகமே இல்லை. இரண்டாவது இடம் அந்த ஷூவிலேயே (சேர்த்துக் கலைத்த ஆறு கட்டுகளின் தொகுதியை அப்படித்தான் சொல்வார்கள்) நல்ல தருணங்களில் ஒன்று. இரண்டையும் ஒரே விலைக்கு வாங்குகிறீர்கள்.

நல்ல விதிகள் உள்ள மேஜையில், அட்டவணைப்படி தப்பில்லாமல் ஆடினாலும் கேசினோவுக்கு ஏறக்குறைய 0.5 சதவீதம் சாதகம் உண்டு. ட்ரூ கவுண்ட் ஒன்று ஏறினால் ஏறக்குறைய 0.5 சதவீதம் உங்கள் பக்கம் நகர்கிறது. ஆகவே +1-ல் சமநிலை. +2-ல் உங்களுக்கு 0.5 சதவீதம், +3-ல் 1, +4-ல் 1.5, +5-ல் 2 சதவீதம். கவுண்ட் கூட்டல் பக்கம் வந்ததுமே காற்று நம் பக்கம் திரும்பிவிட்டது என்று புதிதாக எண்ணுபவர்கள் பலர் நினைக்கிறார்கள். +2-க்குக் கீழே பந்தயத்தை ஏற்ற ஒரு காரணமும் இல்லை.

இன்னொன்று. +2, +3 என்பவை அடிக்கடி வருபவை அல்ல. 6 கட்டு ஷூவில் முக்கால்வாசி சீட்டு வெளியே வந்தாலும், நூறு கையில் பதினைந்துக்கும் குறைவான கைகளில்தான் +2-ஐத் தொடுவீர்கள். மற்றதெல்லாம் கேசினோவுக்குச் சாதகமான கைகள், அல்லது சமநிலைக் கைகள். அவற்றில் சிறிது சிறிதாக இழப்பதை அந்தப் பத்துப் பதினைந்து கைகளில் மீட்டெடுப்பதுதான் இந்த வித்தை முழுவதும்.

தோற்றபின் இரட்டிப்பது

இதை உங்கள் திட்டத்திலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான்.

கவுண்ட் உயரும்போது அதிகக் கைகளை வெல்வோம் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. உண்மையில் கவுண்ட் +4-ல் இருந்தாலும் நீங்கள் வெல்லும் கைகளைவிடத் தோற்கும் கைகளே அதிகம். சாதகம் வருவது வேறு வழியில்: பெரிய சீட்டுகள் மிஞ்சியிருக்கும்போது பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) அடிக்கடி விழும்; உங்களுக்கு விழுந்தால் ஒன்றரை மடங்கு கிடைக்கும், டீலருக்கு விழுந்தால் நீங்கள் கொடுப்பது ஒரு மடங்குதான். டபுள் (பந்தயத்தை இரட்டித்து இன்னும் ஒரே ஒரு சீட்டு வாங்குவது), ஸ்பிளிட் (ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டை இரண்டு கைகளாகப் பிரித்து ஆடுவது) செய்யும் கைகள் நல்ல பலன் தரும். டீலர் 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும் என்பதால், 12 முதல் 16 வரையிலான கையில் சிக்கும்போது அவர் 21-ஐத் தாண்டிப் போவதும் கூடும். அதாவது எண்ணிக்கையில் குறைவாக வென்று, தொகையில் அதிகமாக வாங்குகிறீர்கள். அதனால் நல்ல கவுண்டிலும் தொடர் தோல்வி சாதாரணமாக வரும். சமமாக முடியும் கைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், அடுத்த நான்கு கைகளையும் தோற்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பன்னிரண்டு பதின்மூன்றில் ஒன்று. 8 யூனிட்டில் தொடங்கி இரட்டித்தால் 8, 16, 32, 64. மொத்தம் 120 யூனிட். உங்கள் கைமுதலில் பாதிக்கு மேல், பத்து நிமிடத்துக்குள் போய்விடும்.

போன கையில் தோற்றீர்களா வென்றீர்களா என்பது அடுத்த கையை ஒருவிதத்திலும் பாதிப்பதில்லை. வெளியே வந்த சீட்டுகள் பாதிக்கின்றன. அதைத்தான் ஏற்கெனவே எண்ணிவிட்டீர்கள். நாளுக்கு 10 யூனிட் வென்றதும் எழுவதும் இப்படித்தான். எழுந்து போனால் போங்கள், ஆனால் அதனால் லாபம் ஒரு துளியும் கூடாது. உங்கள் வாழ்நாள் ஆட்டம் முழுவதும் ஒரே நீண்ட வரிசை. நடுவில் தூங்கப் போவது அந்த வரிசையை மாற்றாது. களைப்பு வந்தால் எழுந்திருங்கள். அது நல்ல காரணம்.

அப்படியானால் எவ்வளவு கட்டலாம்?

பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஜான் கெல்லி 1956-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். சில ஆண்டுகளில் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் அதை பிளாக்ஜாக் மேஜைக்குக் கொண்டுவந்தார். சுருக்கம் இது: ஒரு கையில் உங்களுக்குள்ள சாதகத்தை அந்த ஆட்டத்தின் ஏற்ற இறக்கத்தால் வகுத்தால் வருவதுதான், கைமுதலில் எத்தனை பங்கைக் கட்டலாம் என்பதன் மேல்வரம்பு. பிளாக்ஜாக்கில் அந்த வகுக்கும் எண் ஏறக்குறைய 1.3. ஆகவே +2-ல் கைமுதலில் 0.38 சதவீதம், +3-ல் 0.77, +4-ல் 1.15, +5-ல் 1.54 சதவீதம்.

இது முழு கெல்லி. காகிதத்தில் வளர்ச்சி மிக வேகமானது இதுதான். மனிதர்கள் தாங்கக்கூடியது இதுவல்ல. முழு கெல்லியில் கைமுதல் எப்போதாவது பாதியாகச் சுருங்குவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. அதில் பாதியைக் கட்டினால் அதே வாய்ப்பு எட்டில் ஒன்றாகக் குறைகிறது. வளர்ச்சியில் இழப்பது கால்வாசிதான். கால்வாசியைக் கொடுத்து இவ்வளவு நிம்மதியை வாங்குவது என் தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வியாபாரம். எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்: கெல்லியைப் போல இரண்டு மடங்கு கட்டினால் வளர்ச்சி பூஜ்யமாகிவிடும். அதற்கும் மேலே போனால், சாதகம் உங்கள் பக்கம் இருந்தும் கைமுதல் கரையும். அதிகமாகக் கட்டி அழியலாம் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

1000 யூனிட் வைத்திருப்பவர் பாதி கெல்லியில் ஆடினால் படிக்கட்டு இப்படி வரும்: ட்ரூ கவுண்ட் +1 வரை 1 யூனிட், +2-ல் 2, +3-ல் 4, +4-ல் 6, +5-லும் அதற்கு மேலும் 8. மனதில் நிற்கும் எளிய படிக்கட்டு. இதே கணக்கை உங்கள் 200 யூனிட்டுக்குப் போட்டுப் பாருங்கள். +2-ல் 0.4 யூனிட், +3-ல் 0.8, +4-ல் 1.2, +5-ல் 1.5. அதாவது ஆட்டம் உங்களுக்கு நன்றாகச் சாதகமாகும் +3-ல்கூட, அந்த மேஜையின் குறைந்தபட்சப் பந்தயமே உங்கள் கைமுதலுக்குப் பெரிது. 12 யூனிட் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் பார்த்த 1-க்கு 12 என்ற ஸ்பிரெட், அதாவது குறைந்த பந்தயத்துக்கும் உச்சப் பந்தயத்துக்கும் உள்ள விகிதம், தப்பான தகவல் இல்லை. பல கட்டு ஆட்டத்தில் அனுபவசாலிகள் அப்படி ஆடுகிறார்கள். அவர்கள் கைமுதல் உங்களுடையதைப் போலப் பல மடங்கு. செருப்பு நல்ல செருப்புதான், உங்கள் கால் அளவு வேறு.

மேலே சொன்ன 8 யூனிட் வரையிலான படிக்கட்டையே 200 யூனிட்டோடு ஆடினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். பிழையே இல்லாமல் ஆடுவதாக வைத்துக்கொண்டால், 100 கைக்குச் சராசரி லாபம் ஏறக்குறைய 1 யூனிட். ஆனால் அதே 100 கையில் சாதாரணமாக வரும் ஏற்ற இறக்கம் 23 யூனிட் அளவு. சரி, லாபம் இருக்கிறதே என்று தோன்றும். 10,000 கை ஆடியபிறகும், அதாவது மணிக்கு 100 கை வீதம் 100 மணி நேரம் உட்கார்ந்த பிறகும், நீங்கள் நஷ்டத்தில் இருப்பதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. கைமுதல் முழுவதும் போய்விடும் வாய்ப்பு 200 யூனிட்டுக்குப் பாதியைத் தொடுகிறது. குடும்பத்துக்கான பாதியை ஒதுக்கிவிட்டு 100 யூனிட்டோடு ஆடினால் மூன்றில் இரண்டு பங்கு. 500 யூனிட்டுக்கு ஏறக்குறைய 15 சதவீதம். 1000 யூனிட்டுக்கு இரண்டு மூன்று சதவீதம். இந்த எண்களில் மேஜையைப் பொறுத்து முன்பின் இருக்கும். திசை மாறாது.

மாதம் 80 யூனிட் என்ற உங்கள் எண்ணத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். எட்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 3,200 கை. சராசரி வரவு 32 யூனிட், ஏற்ற இறக்கம் 130 யூனிட். தவணைத் தேதி இந்த ஏற்ற இறக்கத்துக்காகக் காத்திருக்காது. கடன் கட்ட வேண்டிய பணத்தை இதிலிருந்து எதிர்பார்த்தால், சறுக்கும் மாதத்தில் பந்தயத்தை ஏற்றத் தோன்றும். அங்கேதான் பலர் கணக்கை விட்டுவிட்டு, விட்ட பணத்தைத் துரத்தத் தொடங்குகிறார்கள்.

எண்ணுவதில் தப்பு வருவதில்லை என்கிறீர்கள்

நம்புகிறேன், வீட்டு மேஜையில். ஒரு கட்டை 25, 30 வினாடிக்குள் எண்ணி பூஜ்யத்தில் முடிப்பது நல்ல தேர்ச்சி. ஆனால் மேஜையில் நீங்கள் எண்ண வேண்டும், மீதிக் கட்டைக் கண்ணால் மதிப்பிட வேண்டும், வகுக்க வேண்டும், கையை ஆட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் பேசினால் பதிலும் சொல்ல வேண்டும். உங்கள் மொத்தச் சாதகம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருப்பதால், மணிக்கு இரண்டு மூன்று பெரிய பிழைகளே அதை விழுங்கப் போதும். வானொலி ஓடிக்கொண்டிருக்க, 6 கட்டைக் கலைத்துப் போட்டு, ஒருவரை டீலராக வைத்து ஆடிப் பாருங்கள். ஷூ பாதியில் நிறுத்தி, மீதிச் சீட்டை அவர் எண்ணி உங்கள் கவுண்டோடு ஒப்பிடட்டும். பத்து ஷூவில் எத்தனை முறை பிசகியது என்று எழுதிவைத்துவிட்டு அப்புறம் உங்களை மதிப்பிடுங்கள்.

மேஜையைத் தேர்வதும் பந்தயக் கணக்கில் சேர்ந்ததுதான். பிளாக்ஜாக்குக்கு ஒன்றரை மடங்குக்குப் பதில், 5 கட்டினால் 6 மட்டும் தரும் மேஜை, ஏறக்குறைய 1.4 சதவீதத்தைக் கூடுதலாக உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கே உட்காரவே வேண்டாம். ஓயாமல் சீட்டைக் கலைக்கும் இயந்திரம் உள்ள மேஜையிலும், ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைக்கும் இணைய ஆட்டத்திலும் எண்ணுவதற்கு எதுவுமே இல்லை. "முதலில் ஆன்லைனில் சிறு பணத்தில் பழகலாமா" என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். அது பழக்கமாகாது, செலவுதான்.

சட்டம் பற்றிக் கொஞ்சம்

சீட்டு எண்ணுவது மோசடி என்று பயப்படுகிறீர்கள். மூளையால் எண்ணுவது, உதாரணத்துக்கு அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், குற்றம் இல்லை. ஆனால் ஃபோன் செயலி உட்பட எந்தக் கருவியின் துணையோடு எண்ணினாலும் அங்கே அது கடும் குற்றம். குற்றம் இல்லை என்பதற்காக உங்களை ஆடவிட வேண்டும் என்ற கட்டாயமும் அங்கில்லை. எழுந்து போகச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் 1982-ல் மாநில உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை வெளியேற்ற கேசினோவுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் அடிக்கடி சீட்டைக் கலைத்து உங்கள் சாதகத்தைப் பறிக்க வழி இருக்கிறது. பந்தயம் 1-லிருந்து 12-க்குத் தாவுவதுதான் அவர்கள் கண்ணில் முதலில் படும். சூதாட்டமே தடைசெய்யப்பட்ட இடங்களும் உண்டு. ஆடப்போகும் இடத்தின் சட்டத்தை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

ஒன்று, காத்திருப்பது. என் பரிந்துரை இதுதான். குடும்பப் பணத்தைத் தனியே எடுத்துவையுங்கள். போனாலும் வீட்டில் ஒரு வேலையும் நிற்காது என்ற பணம் மட்டுமே கைமுதல். அது 1000 யூனிட்டாக வளர எத்தனை வருடம் ஆகுமோ ஆகட்டும்; அதுவரை பணமில்லாமல் பழகுங்கள். அல்லது குறைந்தபட்சப் பந்தயம் சிறியதாக உள்ள, விதிகளும் நன்றாக உள்ள மேஜை கிடைத்தால் யூனிட் சிறுத்து, எண்ணிக்கை தானாகக் கூடும்.

இரண்டு, பின்னால் நின்று எண்ணுவது. உட்காராமல் பார்த்துக்கொண்டிருந்து, ட்ரூ கவுண்ட் +2-க்கு வந்ததும் உட்கார்ந்து, ஏற்றாமல் ஒரே 1 யூனிட்டைக் கட்டி, கவுண்ட் இறங்கியதும் எழுந்துவிடுவது. 200 யூனிட்டும் நிஜமாகவே உபரிப் பணமாக இருந்தால், இப்படி ஆடும்போது முழுவதும் இழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று நான்காக இறங்கும். வரவு என்று சொல்ல ஒன்றும் தேறாது. ஆனால் நிஜ மேஜையில் பழகலாம். ஷூ நடுவில் சேர விடாத மேஜைகள் இருக்கின்றன, அங்கே இது நடக்காது.

மூன்று, நீங்கள் எழுதிய திட்டத்தின்படியே போவது. அதற்கு என்னால் சம்மதம் சொல்ல முடியவில்லை.

எந்த வழியில் போனாலும், கைமுதல் கால்வாசி குறைந்தால் பந்தயப் படிக்கட்டையும் கால்வாசி குறையுங்கள். மேஜையின் குறைந்தபட்சம் அதற்கு இடம் தராவிட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள். 8 யூனிட் கட்டும்போது டபுளுக்கும் ஸ்பிளிட்டுக்கும் அதைப் போல மூன்று நான்கு மடங்கு கையில் இல்லையென்றால் 8 கட்டாதீர்கள். சரியான இடத்தில் டபுள் செய்யப் பணம் இல்லாமல் விடுவது, சாதகத்தை நீங்களே கீழே போடுவது.

கடைசியாக, வீட்டில் சொல்லாதது பற்றி. ஒதுக்கிய பணம் இரண்டு பேருடையது. அதில் ஒருவருக்குத் தெரியாமல் எடுப்பதை எந்தச் சூத்திரமும் சரிசெய்யாது. இந்தக் கடிதத்தையே மனைவியிடம் காட்டுங்கள். எண்கள் அவருக்கும் புரியும். சொல்லவே முடியாது என்று தோன்றினால், அல்லது ஆடாத நாளில் மனம் நிலைகொள்ளவில்லை என்றால், அப்போது பேச வேண்டியது என்னிடம் அல்ல, ஒரு மனநல ஆலோசகரிடம். தயங்காமல் போங்கள். கடன் தவணை எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை மாதம் மீதி என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்தக் கணக்கை முதலில் சேர்ந்து பார்ப்போம்.